செக்கிங் மேசை

அவிநாசி ரோட்டு ஆஸ்பத்திரி, நாலாம் மாடி.
ஒரே கம்பியில் இரண்டு பாட்டில்.

முதலாவது ஆள் பார்க்காதுங்க,
சாயப்பட்டறை பிளீச் மாதிரி.
கறையோடு முடி போகும், நகம் கறுக்கும்,
ஒட்டிய லேபிளும் கொஞ்சம் உரியும்.

அந்த லேபிள்தான் சங்கதி.
நம் பெயரையே குத்திக்கொண்டு
நுரையீரலில் உட்கார்ந்திருந்ததை
நம் காவல் அணுக்களே பாஸ் போட்டு விட்டனவாம்.
இரண்டாவது பாட்டில்
அவற்றின் கண்கட்டை அவிழ்க்குமாம்.

டாக்டர் சொல்லச் சொல்லச் சிரித்துவிட்டேன்.
திருப்பூரில் பதினெட்டு வருசம்
செக்கிங் மேசையில் ஓட்டை தேடினவள் நான்.
நைட் ஷிப்ட் விடியும் நேரம்
கண்டும் விட்ட பீஸ் எத்தனை.

திட்ட மனசு வரவில்லை.
ஊசி இறங்கிய கையைத் தடவி
மெல்லச் சொன்னேன்:
எந்திரி கண்ணு,
லாட் திரும்பி வந்திருக்கு.