காரணம், இருபது சொற்களுக்குள்

வூச் என்றால் படகு.
ஆனால் ஊருக்குள் ஆறு கண்ணில் படாது.
எல்லாவற்றையும் குழாய்க்குள் போட்டு
மேலே தார் ஊற்றிவிட்டார்கள்.
டிராம் சக்கரத்துக்குக் கீழே தண்ணீர் ஓடுகிறதென்று
முதல் வருடம் யாரும் எனக்குச் சொல்லவில்லை.

முதல் வருடம் கணக்கு. பகா எண்கள்.
இரண்டு பெரிய எண்களைப் பெருக்குவது எளிது,
பிரித்தெடுப்பதற்குள் சூரியன் அணைந்துவிடும் என்றார்கள்.
தேர்வில் நான் அணைந்தேன்,
மறுதேர்வில் பற்றிக்கொண்டேன்.
இரண்டாம் வருடம் போர்ட்டுகள், பாக்கெட்டுகள்,
ஒரு காற்புள்ளி விட்டுப்போனதால்
விடியும்வரை என்னையே உள்ளே விடாத ஃபயர்வால்.
அம்மா போனில் கேட்பாள்:
இது திருட்டுப் படிப்பா, போலீஸ் படிப்பா?
பாடவேளையைப் பொறுத்தது என்பேன்.

மூன்றாம் வருடம், பிப்ரவரி, கொழுப்பு வியாழன்.
தவக்காலத்துக்கு முன் நாடே பொன்ச்கி தின்று தீர்க்கும் நாள்.
எங்கள் குழுவுக்கு விழுந்த சீட்டு: குடிநீர் வாரிய அலுவலகம்.
உள்ளே போ. கூட்ட அறையில் பென்டிரைவைச் செருகு.
படம் எடு. வெளியே வா.
மாட்டிக்கொண்டால் காட்ட, கோட்டுப் பையில்
மூன்று கையெழுத்தும் முத்திரையும் உள்ள அனுமதிக் கடிதம்.

ஜெமோவித் ஒரு மாதமாக
அவர்களுடைய அடையாள அட்டையை நகலெடுக்க
ஏதோ கருவியைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான்.
நான் பேக்கரி வரிசையில் நின்றேன்.
இரண்டு பெட்டி. உள்ளே ரோஜா ஜாம். பன்னிரண்டு.

பனியாகத் தொடங்கி மழையாக விழும் ஒன்று
விழுந்துகொண்டிருந்தது.
கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான்,
பெட்டிமேல் பெட்டி, அதன்மேல் என் மோவாய்.
வரவேற்பு மேசையிலிருந்து எழுந்து வந்தார்.
ஐம்பது வயதிருக்கும், சளிபிடித்துச் சிவந்த மூக்கு.
இடுப்பால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு
"சீக்கிரம் வாம்மா, நனைந்துடும்" என்றார்.
நானா, பொன்ச்கியா, தெரியவில்லை.

யார் நீ என்று கேட்கவில்லை.
"நாலாவது மாடிக்கா? லிஃப்டுக்கு அட்டை வேணுமே."
தன் கழுத்திலிருந்து கழற்றி
என் கழுத்தில் மாட்டிவிட்டார்,
எனக்குக் கை காலியில்லை என்பதால்.

தெருக்கோடி வேனுக்குள்
ஜெமோவித்தின் கருவி
இன்னும் சூடாகிக்கொண்டிருந்தது.

ஆறு நிமிடம். செருகினேன், படம் எடுத்தேன்.
அறைச் சுவரில் ஊரின் வரைபடம்:
புதைத்த ஆறுகள் நீலப் புள்ளிக் கோடுகளாக,
ஒவ்வொன்றுக்கும் பெயர் அப்படியே இருந்தது.

கீழே இறங்கி அட்டையைத் திருப்பிக் கொடுத்தேன்.
பெயர்ப்பலகையில் ஹால்ஷ்கா.
ஒரு பொன்ச்கியைக் காகிதத்தில் வைத்துக் கொடுத்தேன்.
அவர் என் மூக்கைப் பார்த்தார்,
காகிதக் கைக்குட்டைப் பொட்டலம் ஒன்றை நீட்டினார்.

அறிக்கைக்குப் படிவம் உண்டு.
ஓட்டை எண் மூன்று. அபாயம்: மிக அதிகம்.
பெயர் கூடாது, "ஊழியர் அ" என்று எழுத வேண்டும்.
காரணம், இருபது சொற்களுக்குள்.

கவனக்குறைவு என்று அடித்தேன்.
என் மூக்கு ஒழுகியதைக்கூடக் கவனித்தவர். அழித்தேன்.
விதி அறியாமை என்று அடித்தேன்.
விதி அவர் தலைக்குப் பின்னாலேயே ஒட்டியிருந்தது,
சட்டம் போட்டு. அழித்தேன்.
நல்ல மனசு என்று போடு, என்றான் ஜெமோவித்,
டாக்டர் க்ஷெசிமிர் சிவப்பில் சுழிக்கட்டும்.
போட்டுவிட்டால் அடுத்த கட்டம் பரிந்துரை.
அதற்கு என்ன தாழ்ப்பாள் பரிந்துரைப்பது?

கடைசியில்
காரணம்: மழை
என்று எழுதினேன்.
பத்தொன்பது சொல் மீதம்.

ஐந்துக்கு நாலரை கிடைத்தது.
அரை, மழைக்குப் போனது.

இணைப்பு இரண்டு, பொருள் கணக்கு.
உள்ளே போனது: பொன்ச்கி, பன்னிரண்டு.
அங்கே விட்டது: ஒன்று.
வேனில் தீர்ந்தது: ஜெமோவித் ஏழு, நான் நாலு.
வெளியே எடுத்து வந்தது: எதுவுமில்லை.

அந்த ஒரு வரி பொய்.
பொட்டலம் கோட்டுப் பையில் இருக்கிறது,
காட்டாத கடிதத்துக்குப் பக்கத்தில்.
இன்னும் ஆறு தாள் இருக்கிறது.