ஒரு பிழை மிச்சம்

சட்பரியில் பிப்ரவரி. மைனஸ் இருபத்தொன்பது.
வாசலில் காருக்கு மின்கம்பி செருகியிருக்கிறது,
சாயங்காலம் அது எழுந்திருக்க வேண்டுமே.

உள்ளே என் திரையில் நகராட்சியின் ஏரிகள் பக்கம்.
தொண்ணூற்றெட்டில் யாரோ செய்தது.
ஒரே ஒரு படம், அதன்மேல்
கண்ணுக்குத் தெரியாத வேலிகள்.
எந்த ஏரியைத் தொட்டாலும் ஒரு கதவு திறக்கும்:
மீன்பிடி உரிமம், படகுத்துறை, ஜூலையில் நீரின் தரம்.

வேலிடேட்டர் நாற்பத்தொரு பிழை சொன்னது.
பார்டர் சைபர். எடுத்தேன்.
அலைன் லெஃப்ட். எடுத்தேன்.
மதியச் சாப்பாட்டு டப்பாவைத் திறப்பதற்குள்
நாற்பதும் போயிற்று.

கடைசி ஒன்று,
டெலோர்ம் ஏரியின் நடுவே ஒரு தீவு.
இருபத்துமூன்று முனைகள்.
நாற்பத்தாறு எண்களையும் கையால் எழுதிச் சேர்த்திருக்கிறார்
ஆர்.எல். என்று மட்டும் பெயர் விட்டுப்போனவர்.
வரியின் முடிவில் ஒரு சொல்:
நோஹெச்ரெஃப்.
இங்கிருந்து எங்கும் வழி இல்லை.

தொட்டால் ஒன்றும் நடக்கக் கூடாது,
அதற்கா இவ்வளவு அளவு?
ஒரு வட்டம் போட்டிருக்கலாம், மூன்றே எண்ணில் முடிந்திருக்கும்.
ஆனால் தென்கரையில் நகக்கண் அளவுக்கு உள்வாங்கும்
வளைவைக்கூட விடாமல்
சுற்றி வந்திருக்கிறது அந்த இல்லை.

யாருடைய தீவு என்று ஷான்டாலிடம் கேட்டேன்.
"நம்முடையது இல்லை" என்றாள்.
"அது மட்டும் தெரியும்."

வேலிடேட்டர் சொல்கிறது: இந்தச் சொல் வழக்கொழிந்தது.
வழி இல்லை என்று சொல்ல வேண்டாம்,
வழி தராமல் விட்டாலே போதும்.

நீக்கிப் பார்த்தேன்.
ஏரியின்மேல் அம்புக்குறி கையாக மாறுகிறது,
தீவின்மேல் மாறவில்லை.
சொல் போன பிறகும் ஓட்டை அப்படியே.
இயந்திரத்துக்கு, பேசாமல் இருந்தால் மறுப்பு.
எவ்வளவு நாகரிகம் தெரிந்த இயந்திரம்.

எனக்குச் சொல்லித் தந்தது வேறு.
இரண்டாயிரத்து நாலு, மதுரை திருநகர், மூன்றாவது ஸ்டாப்.
வாசலில் பதினொரு ஜோடிச் செருப்பு.
சம்மதமா என்று கேட்டார்கள்.
நான் மொசைக் தரையின் கறுப்புக் கற்களை எண்ணிக்கொண்டிருந்தேன்,
முப்பத்தேழுவரை வந்தது.
"பொண்ணு ஒண்ணும் சொல்லலையே, அப்புறமென்ன"
என்றார் பெரியப்பா.
விளக்கு வைப்பதற்குள் தட்டு மாற்றியாயிற்று.

அவர் கெட்டவர் இல்லை. அது வேறு கதை.
ஒரு வருஷம் பிரிந்திருந்தால் போதும்,
ஏன் என்று இந்த ஊர்க் கோர்ட்டும் கேட்கவில்லை.
பன்னிரண்டு வருஷம் கழித்து
அங்கேயும் நான் பேசாமல்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஆனால் அந்த ஹாலில்,
வெற்றிடத்தைக் கண்டால் யாராவது ஒருவர்
தன் கையால் ஓர் இணைப்பைக் கொடுத்துவிடும் அந்த ஹாலில்,
எழுதித்தான் வைத்திருக்க வேண்டும்
முனை முனையாக,
நாற்பத்தாறு எண்ணும் போட்டு,
முடிவில் அந்த ஒரு சொல்லும்.

கன்ட்ரோல் இசட்.
சொல் திரும்பி வந்து
தன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

அறிக்கையில் எழுதினேன்: தீர்ந்தவை நாற்பது, மிச்சம் ஒன்று.
காரணம் என்ற கட்டத்தில்
"தெரிந்தே" என்று போட்டேன்.

ஷான்டால் படித்தாள்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மறுபடி படித்தாள்.
ஒன்றும் சொல்லவில்லை.

அதை எந்த ஊர்க் கணக்கில் எடுத்துக்கொள்வது என்று தெரியாமல்
கையுறைகளை மாட்டிக்கொண்டு
காரின் கம்பியைப் பிடுங்கப் போனேன்.