ஈரப்பதம்

வண்டி வாய்க்காலில் மூக்கைக் குத்தி நின்றது.
சாம்பல் நிறம். பின்னிருக்கையில்
பாலித்தீன் உறையை இன்னும் பிரிக்கவில்லை.
கண்ணாடியில் பூஜைச் சந்தனம், விரல் ரேகையோடு.

நான் இன்சூரன்ஸ் சர்வேயர்.
டேப்பும் கேமராவும் ரப்பர் செருப்புமாக
நீடாமங்கலத்திலிருந்து வந்திருந்தேன்.
அளக்கலாம் என்றால் தாரில் டயர்த் தடமே இல்லை.
நெல் இருந்தது.
சாலையின் பாதியை எடுத்துக்கொண்டு
நூற்றிருபது அடி நீளத்துக்குக் காயும் குறுவை நெல்.
நெல் மேல் பிரேக் பிடித்தால்
எந்தச் சக்கரத்துக்கும் கண் தெரியாது.

"எவ்வளவு வேகம் தம்பி?"
"எழுபது இருக்கும் சார்."
தர்ஷித். பதினெட்டு முடிந்து பத்தொன்பது நாள்.
நகக்கண்ணில் சேறு. ஒரு காலில் மட்டும் ஷூ.
வண்டிக்குள் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி உண்டு,
அதற்குப் பயமும் கிடையாது, அப்பாவும் கிடையாது.
மடிக்கணினியில் செருகினேன்.
நூற்று முப்பத்தொன்று என்றது.

அப்பா ரைஸ்மில்காரர்.
"பன்னண்டு வயசுல டிராக்டர் ஓட்டினவன் சார்,
கை சுத்தம்" என்றார்.
முன்னூற்று நாற்பது குதிரை.
நூறைத் தொட நாலரை நொடி.
அவர் அந்த வாக்கியத்தைச் சொல்லி முடிக்க
அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்தது.

என்னை யோக்கியன் என்று நினைத்துவிட வேண்டாம்.
பதினாறு வயதில் சித்தப்பாவின் டிவிஎஸ் ஐம்பதை
இதே வெண்ணாற்றுக் கரையில்
மணிக்கட்டு வலிக்க முறுக்கியிருக்கிறேன்.
நாற்பத்தைந்தைத் தாண்டவில்லை.
அது என் பக்குவம் இல்லை,
வண்டிக்கு முடியவில்லை.
அந்த முடியாமையில் பிழைத்து வந்துதான்
எங்கள் செட்டில் பாதிப் பேர்
இன்று பிள்ளைகளைத் திட்டிக்கொண்டிருக்கிறோம்.

நெல்லுக்குரியவள் அஞ்சுகம்.
காலால் துழாவிக்கொண்டிருந்தவள்
வாய்க்காலில் குதித்திருக்கிறாள்.
புடவை இன்னும் சொட்டியது.
ரோட்டில் ஏன் கொட்டினாய் என்று மில்காரர் கேட்டதற்கு
அவள் கோபப்படவில்லை, விவரம் சொன்னாள்.
கொள்முதல் நிலையத்தில் கருவி வைத்துப் பார்த்தார்களாம்,
இருபத்தொன்று.
பதினேழுக்கு மேல் ஈரமிருந்தால் எடுக்கமாட்டார்களாம்.
மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்து
பத்து நாள் வானத்தைப் பார்த்துக் கிடந்து
நேற்றுதான் வெயிலாம்.

ஒரு கைப்பிடி நெல்லைப் போட்டு மூடினால்
எண் சொல்லிவிடும் அந்தக் கருவி.
லைசென்ஸ் கொடுக்கிற இடத்தில்
பையன்களுக்கு அப்படி ஒன்று உண்டா என்றால்
உண்டு,
பிறந்த தேதி.

இழுக்க ஊர் டிராக்டரே வந்தது.
நாற்பத்தைந்து குதிரை.
கயிறு இறுக, சேறு சப்புக்கொட்ட,
முன்னூற்று நாற்பதும் பின்பக்கமாகச்
சாதுவாய் ஏறி வந்தது.
ரேடியேட்டர் முழுக்க நெல்.

அப்பா போனில் இருந்த நேரம் பார்த்து
பையன் என் பக்கம் வந்தான்.
"அவங்களை நான் பாத்தேன் சார்."
நான் படிவத்தை மூடவில்லை.
"பாக்கும்போது கண்ணாடிக்குள்ள இருந்தாங்க.
பின்னாடி. குதிச்சிக்கிட்டு."
மேற்கொண்டு எதையோ சொல்ல வந்து
தொண்டையிலேயே நிறுத்திக்கொண்டான்.
இன்று அவன் சரியாகப் பிடித்த பிரேக்
அது ஒன்றுதான்,
அல்லது அதுவும் வழுக்கல்தானா, தெரியவில்லை.

சொந்தச் சேதப் படிவத்தில்
பம்பருக்குக் கட்டம் உண்டு, விளக்குக்கு உண்டு,
ஓட்டுநர் உரிமம் செல்லுமா என்பதற்கு உண்டு.
செல்லும் என்று எழுதினேன்.
நெல்லுக்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் பென்சிலால் 'சுமார் மூன்று மூட்டை' என்றெழுதி
அழிக்காமல் விட்டேன்.
மேலாளர் அழித்துக்கொள்ளட்டும்.

மற்ற ஷூவைத் தேடி அவன் வாய்க்காலில் இறங்கினான்.
கிடைத்தது. கரையில் கவிழ்த்தான்.
தண்ணீரோடு ஒரு பிடி நெல் விழுந்தது.
அஞ்சுகம் குனிந்து அதில் ஒன்றை எடுத்து
கடைவாயில் வைத்துக் கடித்தாள்.
சத்தம் வரவில்லை.
துப்பிவிட்டு,
"இன்னும் ரெண்டு வெயில் காணணும்" என்றாள்.

மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது.