கணக்கு உதைக்கிறது

பிப்ரவரி பில்லைக் காவ்போ இரண்டு முறை படித்தான்.
கண்ணாடியைத் துடைத்து மூன்றாம் முறை படித்தான்.
போன வருஷத்தைவிட ஒன்றரை மடங்கு.
அதே வீடு, அதே மூன்று பேர்,
எஸ்தோனியாவின் தென்கோடியில்
அதே பைன் மரங்களுக்கு நடுவில்.

முதல் சந்தேகம் மகள்மேல் விழுந்தது.
பதினாறு வயது, இடுப்புவரை கூந்தல்.
லீஸ்பெட் குளித்தால் ஜன்னலுக்கு வியர்க்கும்.
முட்டை அவிக்கும் டைமரை
குளியலறைக் கதவில் ஒட்டினான்:
நான்கு நிமிஷம்.

இரண்டாவது சந்தேகம் என்னுடையது.
கராஜில் இருக்கும் அவனுடைய வெல்டிங் மெஷின்.
வாய்விட்டுச் சொல்லவில்லை.
ரொட்டியைக் கொஞ்சம் சத்தமாக வெட்டினேன்.

மார்ச்சிலும் கணக்கு உதைத்தது.

சனிக்கிழமை இரவு, வெளியே மைனஸ் பதினான்கு.
ஃப்யூஸ் பெட்டியின் முன் மூவரும் நின்றோம்.
மீட்டரில் ஒரு சிவப்புப் புள்ளி.
பத்தாயிரம் முறை சிமிட்டினால் ஒரு யூனிட் என்று
அதன் நெற்றியிலேயே எழுதியிருக்கிறது.
ஃப்ரிட்ஜை நிறுத்தினோம். ஹீட்டரை, அடுப்பை, சவுனாவை.
வெல்டிங் மெஷினின் பிளக்கை
என்னைப் பார்த்துக்கொண்டே பிடுங்கினான்.
மீன்தொட்டிக்கு மட்டும்
லீஸ்பெட் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.
வீடு ஒவ்வோர் அறையாகக் கண்ணை மூடியது.
புள்ளியும் அநேகமாக உறங்கிவிட்டது.

"பார்த்தாயா" என்று திரும்பினான்,
யாரிடம் சொல்வது என்று தெரியாமல்.
அப்போது அது
வெறி பிடித்தாற்போல் சிமிட்டியது.
ஒன்றரை நிமிஷம். ஓய்ந்தது.
லீஸ்பெட் போனில் நேரம் பார்த்தாள்.
மறுபடி. ஓய்ந்தது. மறுபடி.
"நான்கு நிமிஷத்துக்கு ஒருமுறை, அப்பா"
என்றாள்.
அந்த எண்ணை அவள் உச்சரித்த விதம் இருக்கிறதே.

ஏழாவது சுவிட்ச்.
முந்தைய சொந்தக்காரர் பென்சிலால் எழுதிய பெயர் அழிந்து
ஓர் எழுத்தின் வால் மட்டும் மிச்சம்.
அதை இறக்கிவிட்டுக் காத்திருந்தோம்.
ஐந்து நிமிஷம். பத்து.
நிலவறையிலிருந்து எந்நேரமும் வரும் உறுமல்
இப்போது வரவில்லை என்பது
காதுகளுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.
இந்த வீட்டின் மூச்சு என்று நாங்கள் பழகியிருந்தது
கிணற்றுப் பம்ப்.

குழாய் எல்லாம் மூடிய நடுராத்திரியில்
யாருக்கு இறைத்தாய், யாருக்கு?

"கொட்டகைக்குப் பின்னால்
அந்தப் பச்சை" என்றாள் லீஸ்பெட்.

முழங்கால் ஆழப் பனிக்கு நடுவே
கட்டில் அகலத்துக்குப் புல்.
குளிர்காலம் முழுக்க விருந்தாளிகளுக்குக் காட்டினோம்.
ராசியான மண் என்றான் காவ்போ.
விடியலில் ஒரு வெள்ளை முயல் வந்து மேயும்.
நான் படம் எடுத்து
ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருந்தேன்.
விழலுக்கு இறைத்த நீர்.
அந்த விழலைத்தான் ரசித்துக்கொண்டிருந்தோம்.

மண் இளகும்வரை பம்ப் சுவிட்சைக் கையால் போட்டோம்,
காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை.
ஏப்ரலில் பக்கத்துப் பண்ணை ஹெய்கி
தன் சின்ன எக்ஸ்கவேட்டரோடு வந்தார்.
ஒன்றரை மீட்டர் ஆழத்தில், பிளாஸ்டிக் குழாயில்,
நகக்கீறல் அளவு பிளவு.
இதற்காகவா என்றார்.
இதற்காகத்தான்.

முயல் இரண்டு நாள் வந்தது.
குழியின் விளிம்பில் உட்கார்ந்து பார்த்தது.
பிறகு வரவில்லை.

டைமர் இப்போது சவுனாக் கதவில் இருக்கிறது,
சரியாக அவன் கண் உயரத்தில்.
யார் ஒட்டியது என்று அவன் கேட்கவில்லை.
மன்னிப்பும் கேட்கவில்லை.
ஆனால் சனிக்கிழமைகளில்
மணி அடித்ததும் சிவந்துபோய் வெளியே வருகிறான்.

மே மாத பில் இறங்கிவிட்டது.
முழுக்க இல்லை.
நேற்று நள்ளிரவில் தனியாக எழுந்துபோய்
எல்லாவற்றையும் அணைத்துப் பார்த்திருக்கிறான்.
பம்ப்பையும்தான்.
இன்னும் நிமிஷத்துக்கு ஒருமுறை சிமிட்டுகிறதாம்.
"விடு" என்றேன்.
கேட்கிறவனா.
டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு
இதோ முதல் சுவிட்சில் கை வைக்கிறான்.

குளியலறைக்குள்ளிருந்து ஒரு கத்தல்:
"தலையெல்லாம் ஷாம்பு!"