ஒன்று புள்ளி எட்டு வோல்ட்

முதலில் சுவரைத்தான் சந்தேகித்தாள் ஒலெஸ்யா.
முடி உலர்த்தும் கருவியைச் செருகினாள்,
சூடாக ஊதியது.
சுவர் குற்றவாளி இல்லை.

ஃபியூஸைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள்:
மயிரிழைக் கம்பி அறாமல் இருந்தது.
முனைகளில் பச்சையும் வெள்ளையுமாய்ப் பூத்திருந்த உப்பை
சமையல் சோடா கரைத்த வெந்நீர் விட்டு
பழைய பல்துலக்கியால் தேய்த்தாள்.
சீறியது, நுரைத்தது, ஈயம் பளிச்சிட்டது.
சிவப்பு சிவப்போடு, கறுப்பு கறுப்போடு.
வாய்விட்டு இரண்டு முறை.

சார்ஜர் ஒரு கணம் யோசித்தது.
மஞ்சள் விளக்கு. பிறகு சிவப்பு.
பிறகு ஒன்றுமில்லை.

வெளியே சஸ்காச்சுவான்
பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பத்தொன்றில் கிடந்தது.
பட்டறைக்குள் ஐந்து.
தானிய லாரியின் உள்விளக்கை
ஆகஸ்டில் அணைக்காமல் விட்டது யார் என்ற வழக்கு
வீட்டில் இன்னும் தீரவில்லை.

மீட்டர் சொன்னது: ஒன்று புள்ளி எட்டு.
கையேட்டின் பதினேழாம் பக்கம், பொடி எழுத்தில்:
கொஞ்சமாவது உயிர் இருந்தால்தான்
இந்தக் கருவி அதைப் பேட்டரி என்று ஒப்புக்கொள்ளும்.

சிரித்துவிட்டாள்.
போன மார்ச்சில் வங்கி மேலாளரும்
இதையேதான் சொன்னார்,
கொஞ்சம் பெரிய எழுத்தில்.

வழி இல்லாமல் இல்லை:
நல்ல பேட்டரி ஒன்றைப் பக்கத்தில் சேர்த்துக் கவ்வினால்
சார்ஜர் ஏமாந்துபோகும்.

நல்ல பேட்டரி அரை மைல் தள்ளி
மெல்வின் ஃப்ரீசனின் பிக்கப்பில் இருந்தது.
அவனோடு பேசி இரண்டு அறுவடை ஆகிறது.
தன் பள்ளத்தில் தேங்கிய நீரை
இரவோடிரவாக வாய்க்கால் வெட்டி
இவள் கனோலாவுக்குள் திருப்பியவன்.

போனில் ஹலோ சொல்லவில்லை.
"பன்னிரண்டு வோல்ட் வேணும். அரை மணி நேரம்."
அந்தப் பக்கம் கொஞ்சம் காற்று.
பிறகு, "சரி."

வந்தான். கையுறையைக் கழற்றி
பேட்டரியின் விலாவைத் தடவிப் பார்த்தான்.
உப்பல் இல்லை, விரிசல் இல்லை.
கேபிளை மாட்டினான்.
சார்ஜர் யோசித்தது.

மஞ்சள்.

மஞ்சளாகவே இருந்தது.
அரிசி அளவு விளக்கை
இரண்டு பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள்,
பார்க்க வேறெதுவும் இல்லாததுபோல.

பத்து நிமிடம் கழித்துத் தன் கேபிளைக் கழற்றினான்.
மஞ்சள் போகவில்லை.
"ராத்திரி முழுக்க விடு.
சூடேறினா, அழுகின முட்டை வாசம் வந்தா நிறுத்திடு.
முதல்ல சுவர்ல பிடுங்கு, அப்புறம்தான் கவ்வி."
கதவருகே நின்றான்.
"அந்த வாய்க்கால்…"
"பனி உருகட்டும்" என்றாள்.

காலையில் பன்னிரண்டு புள்ளி இரண்டு.
நல்ல எண் என்று சொல்ல முடியாது.
சாவியைத் திருப்பினாள்,
லாரி இருமியது,
இன்னொரு முறை இருமியது.