சிவப்புச் சீட்டு

திங்கள், காலை நாலரை. பாலத்தில் ஆலைப் பேருந்து நகரவில்லை.
முன்னிருக்கையில் யோகராணி
மையேறிய விரலால் கைப்பேசியைத் தள்ளித் தள்ளி
மறுபடியும் அதையே காட்டுகிறாள்:
முப்பது வருஷக் கோட்டை,
நானூற்றுப் பதினொரு ஓட்டில் போயிற்று.
"ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு.
ஜொகூர் போச்சா, அடுத்து கோலாலம்பூர்தான்"
என்கிறார் டிரைவர், ஹாரனை அழுத்தியபடி.

உட்லண்ட்ஸில் எனக்கு அதுதான் வேலை.
ஐயாயிரம் சில்லில் முப்பத்திரண்டை எடுப்பேன்.
ஒன்று தவறினாலும் பெட்டிக்குச் சிவப்புச் சீட்டு.
உடனே கெட்டதென்று சொல்லிவிட முடியாது.
லிம் வந்து முதலில் ஊசியைத்தான் துடைப்பார்.
சில நாள் ஊசியில் அழுக்கு, அவ்வளவுதான்.
சில நாள்
பெட்டி முழுக்கவே போயிருக்கும்.

பானை வெந்துவிட்டதா,
அந்த ஓரத்தில் மட்டும் தீ அதிகமா?
சனிக்கிழமை நல்ல மழை. பாதிப் பேர் வரவில்லை.
அந்தப் பாதியில் நானும்:
மாநிலம்தானே என்று ஓவர்டைம் போட்டேன்.

கையுறைக்குள் நுழைகிறது
மை படாத விரல்.
இன்றைக்கு,
யாரும் கேட்காமலே,
முப்பத்து மூன்றாவதாக ஒன்றை எடுக்கிறேன்.