டிசம்பர் முப்பத்தொன்றில் முடிகிறவை

செயலாளர் அவர்களே,
பதினான்காம் வரிசையில், தூணுக்குப் பின்னால்,
வடக்குக் கோல்கம்பத்தில் பாதி மட்டும் தெரிகிற இருக்கையில்
பத்தொன்பது வருடமாக உட்காருகிறவள் எழுதுகிறேன்.
இறைச்சி ஆலையில் சம்பளப் பட்டியல் போடுவது என் பிழைப்பு.
அறுநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு
விடுப்பு, பிடித்தம், மிகுதி நேரம்.
எந்த எண்ணும் என்னிடம் பொய் சொல்லித் தப்பியதில்லை.

ஆகவே உங்கள் எண்களுக்கு வருகிறேன்.

கவான்யாஸுக்கு இன்னும் இரண்டு வருடம் நீட்டியிருக்கிறீர்கள்.
எதற்கு?
பருவம் முழுக்க மூன்று கோல்,
அதில் ஒன்று அவன் முதுகில் பட்டு உள்ளே போனது.
கேட்டால் புல்தரை மேடுபள்ளமாம்.
ஆடத் தெரியாதவனுக்குக் கூடம் கோணல்.
அந்தக் கோணலுக்கு நீங்கள் வாடகையும் கட்டுகிறீர்கள்,
கடல் பார்த்த அடுக்ககத்தில், கார் நிறுத்தத்தோடு.

நடுக்களத்துக்கு ஐந்து பேர் எடுத்தீர்கள்.
ஐவரும் ஒரே ஆள்.
ஒரே மாதிரி பின்னால் பந்தைத் தள்ளிவிட்டு
ஒரே மாதிரி கையை விரிக்கிறார்கள்.
மொந்தெவிதேயோவின் குளிர்காற்றுகூட
அவர்களைவிட முன்னோக்கி வீசுகிறது.

யமாந்து பொடியன்.
பதினெட்டு வயசு. இடது கால் மட்டும்தான். போதும்.
அவன் பந்தை வாங்கித் திரும்பிய அந்த நிமிடத்தில்
மாத்தே குழலை வாயிலிருந்து எடுக்க மறந்து
நாக்கைச் சுட்டுக்கொண்டவர்கள் எங்கள் வரிசையில் நால்வர்.
அவனைப் போர்ச்சுக்கலுக்கு விற்றீர்கள்.
விற்கத்தான் வேண்டும், கூரை ஒழுகுகிறது, தெரியும்.
ஆனால் மறுவிற்பனையில் பத்து சதவீதம் என்று
ஒரு வரி, ஒரே ஒரு வரி,
எழுதுவதற்குள் உங்கள் வக்கீலுக்கு மை தீர்ந்துவிட்டதா?
எங்கள் ஆலையில் மாட்டின் குளம்பைக்கூட
சும்மா கொடுப்பதில்லை.

பியாஞ்சியைப் பற்றி ஒன்றும் சொல்லமாட்டேன்.
என் தங்கை மகளைக் கட்டிக்கொள்ளப் போகிறான்.
அவளிடமும் தாமதமாகத்தான் வருகிறானாம்.

இனி பிரிகோயன்.
முப்பத்தேழு வயதுக் கோல்கீப்பர்.
டிசம்பரோடு முடியட்டும் என்று
மார்ச்சிலிருந்து கத்துகிறவள் நான்தான்.
அவர் இடப்பக்கம் விழுவதற்குள்
பந்து வலையைத் தொட்டு, கொஞ்சம் யோசித்து,
திரும்பியும் வந்துவிடுகிறது.
“வால்டெமார், பஸ் போயாச்சு!” என்று
எதிரணிக்காரர்களையும் சிரிக்கவைத்த ஒரு குரல்
உங்கள் காதிலும் விழுந்திருக்கும்.
என்னுடையது.

போன செவ்வாய்க்கிழமை
என் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது.
குளிர்கிடங்கு. இரவு வேலை. பெட்டி ஏற்றுவது.
பெயர்: வால்டெமார் பிரிகோயன்.
தற்போதைய வேலையிடம்: அல்பத்ரோஸ் கால்பந்துக் கழகம்.
அங்கே வரவேண்டிய பாக்கி: நான்கு மாதம்.
அந்தக் கட்டத்தை யாரும் நிரப்புவதில்லை.
அவர் நிரப்பியிருந்தார், சிறிய எழுத்தில்.
எந்த நாளில் வர இயலாது?
ஞாயிறு என்று எழுதி,
அடித்து,
பக்கத்திலேயே மறுபடியும் ஞாயிறு.

ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர்.
ஆகஸ்டில்தான் அந்தப் பெனால்டியைப் பிடித்தார்,
சாய்மழையில், தூணுக்கு அந்தப்பக்கம்.
நான் பார்க்கவில்லை.
எல்லோரும் எழுந்ததை வைத்துத் தெரிந்துகொண்டு
நானும் எழுந்தேன்.
அது சம்பளமில்லாத பிடி என்று
அன்றைக்கு யார் சொன்னார்கள்?

என் கருத்து மாறவில்லை, குறித்துக்கொள்ளுங்கள்.
இடப்பக்கம் இனி அவரால் ஆகாது.
ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க வேண்டாம்.
பாக்கியைக் கொடுங்கள்.
கவான்யாஸின் கார் நிறுத்தத்தை விற்றாவது கொடுங்கள்.

விண்ணப்பத்தை மேலே அனுப்பிவிட்டேன்.
கிடங்கு மேலாளர் சாவெரியோ
ஆற்றுக்கு அந்தப்பக்கத்து அணிக்காரர்,
பெயரைப் பார்த்ததும் உதட்டைச் சுழித்தார்.
ஞாயிற்றுக்கிழமை இவருக்கு அப்படி என்ன, என்றார்.
மத விஷயம் என்றேன்.

இப்படிக்கு,
நெலிதா ஒர்தெகி.

பி.கு.: தூணைப் பற்றி இது ஏழாவது கடிதம்.